தனியாக எடுத்து வைத்த பருப்பு

ஈப்போ ராணுவ முகாமின் சமையற்கூடத்தில் நவமணிக்கு வேலை கிடைத்தபோது, குனோங் ராபாட்டில் அவள் வீட்டு வரிசையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோப்பெங் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் மகள் அவள். பாதி வயதைக் கையுறை ஆலையில் கழித்தவள். சாப்பாட்டுக் குத்தகைக்காரர் ஆள் தேடினார், போய்ச் சேர்ந்தாள். பட்டாளத்துக்கே சோறு போடுகிறவளின் வீட்டில் ஒரு முட்டை பொரிக்க ஆளில்லை என்று புருஷன் அர்ச்சுனன் கேலி செய்வான்.

முகாமில் ருசித்துச் சாப்பிட நேரமிருக்காது. பையன்கள் வேர்த்து விறுவிறுத்து வந்து தட்டை நீட்டுவார்கள்; சார்ஜண்ட் எழுந்திருப்பதற்குள் முடித்தாக வேண்டும். மாட்டிறைச்சி போடும் நாளில் இந்துப் பையன்களுக்குக் கோழியோ முட்டையோ இருக்கும். சைவத்துக்கென்று தனிச் சமையல் கிடையாது. தலைமைச் சமையல்காரி ரொஹானி பருப்புக் குழம்பில்கூட நெத்திலித் தூள் தூவித்தான் இறக்குவாள். பையன்களும் அதற்காகவே இன்னொரு கரண்டி சோறு கேட்பார்கள்.

கோகிலன் கோலா கங்சார் பையன். வாதம் வந்து விழுந்த அவன் அம்மா எழுந்து நடந்ததற்காகத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு, சைவ விரதம் இருந்தான். அவன் தயங்கித் தயங்கிக் கேட்டதும் நவமணி பொறுப்பேற்றாள். நெத்திலித் தூள் விழுவதற்கு முன் ஒரு கிண்ணம் பருப்பை எடுத்து வைப்பாள். அதுவரை ரொஹானி தூள் டப்பாவோடு சிரித்தபடி நிற்பாள்.

ஒருநாள் சரக்கு லாரி வந்து, மூட்டைகளைச் சரிபார்க்க நவமணியை அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது தூள் விழுந்து குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நெடுநடை முடித்து வந்த கோகிலனுக்கு உதடு வெடித்திருந்தது. வெள்ளரிக்காயும் சோயா கிச்சாப்பும் போட்டு வெறும் சோறு கொடுத்திருக்கலாம். அது அவளுக்குப் பிறகுதான் தோன்றியது. பொதுப் பானையிலிருந்தே அள்ளி ஊற்றினாள்.

"நம்ம பருப்புதானே, ஆன்ட்டி?"

"நம்மளதுதான்யா. சாப்பிடு."

அவன் இரண்டாவது முறையும் வந்து வாங்கினான்.

வீட்டில் சொன்னபோது, தெரியாமல் தின்றவனுக்குக் குற்றமில்லை, போட்டவளுக்குத்தான் என்றான் அர்ச்சுனன். வாயை மூடிக்கொண்டு இருக்கவும் சொன்னான். அவளும் இருந்துதான் பார்த்தாள். கோகிலனோ தினமும் கிண்ணத்தை வாங்கும்போது, பூசத்தன்று அம்மா அவளைப் பார்க்க ஆசையாக வருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். அந்த அம்மா வந்து தன் கையைப் பிடித்து நன்றி சொல்வதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பூசத்துக்கு முந்திய வாரம், தட்டு கழுவும் இடத்தில் அவனை நிறுத்திச் சொல்லிவிட்டாள்.

அவன் மிச்சச் சோற்றைத் தொட்டியில் தட்டினான். "தெரியும் ஆன்ட்டி. வாய்ல வச்சவுடனே தெரிஞ்சிருச்சி. பசி லா."

அவள் குழாயை மூடினாள்.

"நீங்க கவனிக்காம போட்டுட்டீங்கன்னு நெனச்சிக்கிட்டேன். நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். பால்குடம் எடுத்துரலாம்னு இருந்தேன். இப்ப ரெண்டு பேருக்கும் தெரியும். எப்படி எடுக்கிறது?"

தலைக்குக் குளித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தொடரலாம், தன்மேலேயே பழியைப் போடலாம் என்று என்னென்னவோ சொன்னாள். அவன் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனான். அவனுடைய நல்லதுக்காகத்தான் தான் சொன்னதாக நினைத்திருந்தாள். தன் நெஞ்சுப் பாரத்தை இறக்க அவனைப் பிடித்து நிறுத்தியிருக்கிறோம் என்பது அவன் முதுகைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

மறுநாள் மதியம் அவன் அவள் பக்கம் வரவில்லை. எதிர்ப்பக்கம் ரொஹானியிடம் தட்டை நீட்டி மீன் குழம்பு வாங்கினான். விரதம் முடிந்துவிட்டதென்று நினைத்த ரொஹானி, சந்தோஷமாக இன்னொரு துண்டு வைத்தாள். அம்மாவிடம் என்ன சொல்லப்போகிறான் என்று நவமணிக்குக் கேட்க வேண்டும்போல இருந்தது. அதற்குள் அடுத்த பையனின் தட்டு முன்னால் வந்துவிட்டது. அவள் சோற்றைப் போட்டாள்.