எழுநூறு இறாத்தல் ஸ்பிரிங்

எனக்குப் பத்து வயது நடந்த வருடம் அம்மாவுக்கு நாரிப்பிடிப்பு, அதாவது இடுப்புப் பிடிப்பு, என்று வீட்டில் சொன்னார்கள். நானும் அதையே பள்ளியில் பிரெஞ்சில் சொன்னேன், கோயிலில் தமிழில் சொன்னேன். உண்மையில் அது நாரிப்பிடிப்பு அல்ல. மார்பில் தொடங்கி முள்ளந்தண்டுவரை வந்துவிட்ட புற்றுநோய். அந்த வருடம் முதல் பனி விழுவதற்கு முன்பே அம்மா போய்விட்டார். நோயின் பெயரை வெளியே விடாததற்கு நானும் ஒரு காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. தாய்க்கு இந்த நோய் என்று தெரிந்தால் நாளைக்கு மகளுக்குச் சம்பந்தம் பேச ஆட்கள் வரமாட்டார்களாம். அந்த மகளுக்கு அப்போது பாற்பற்கள் இரண்டு இன்னும் விழாமல் இருந்தன.

அப்பா மொன்றியல் பக்கம் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்தார். சாதுவான மனிதர். ஊர்ச் சங்கத்தில் பொருளாளர் பதவியைக் கையில் கொண்டுவந்து கொடுத்தபோதும் வேண்டாம் என்று ஒதுங்கியவர். ஆனால் பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக் கராஜுக்குள் நீண்ட மூக்கும் எட்டுச் சிலிண்டர்களும் கொண்ட ஒரு பழைய அமெரிக்க மசில் காரை வைத்திருந்தார். கோடையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஓட்டோகுரொஸ் போட்டிக்குக் கொண்டுபோவார். ஆளில்லாத பெரிய வாகனத் தரிப்பிடம் ஒன்றில் செம்மஞ்சள் கூம்புகளை நட்டு வளைந்து வளைந்து ஒரு பாதை போட்டிருப்பார்கள். ஒவ்வொரு காராக அதற்குள் ஓடவேண்டும். நேரம் குறைந்தவர் வெற்றி, கூம்பைத் தட்டினால் தண்டம். வாரம் முழுவதும் மொன்றியல் வீதிகளில் திருத்த வேலைக் கூம்புகளைச் சுற்றிச் சலித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் போய் அதையே விருப்பத்தோடு செய்தார்கள்.

அப்பாவுக்குக் கடைசியிலிருந்து எண்ணினால்தான் இடம் வரும். பிழை அவருடையது அல்ல, காருடையது. வளைவில் திருப்பினால் கப்பல் போலச் சரியும், பிரேக் பிடித்தால் மூக்கால் குத்தும். முன் ஸ்பிரிங்குகளை மாற்றவேண்டும் என்று முடிவானது. எந்த ஸ்பிரிங் என்பதுதான் அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டின் பெரும் விவாதம்.

ஒரு ஸ்பிரிங் ஓர் அங்குலம் அமுங்க எத்தனை இறாத்தல், அதாவது பவுண்டு, பாரம் வேண்டுமோ அதுதான் அதன் வலு. அதுவரை இறாத்தல் என்பது பாண் ரொட்டிக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். காரில் இருந்தது முந்நூற்றைம்பது இறாத்தல். அப்பா ஐந்நூறு போதும் என்றார். நான் எழுநூறு என்றேன். எனக்குக் கணக்கு நன்றாக வரும், அந்தத் திமிரும் இருந்தது. ஒரு கொப்பியில் கோடு போட்டு, மூக்கின் பாரம், சரிவு, நேரம் எல்லாம் எழுதிவைத்திருந்தேன். பழைய ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க அம்மாவைக் கூப்பிட்டு முன் மட்கார்டில் ஏறி இருக்கச் சொன்னோம். குளிர்கோட்டோடு வந்து சிரித்துக்கொண்டே ஏறினார். கால் அங்குலம்கூட இறங்கவில்லை.

"அவ்வளவு மெலிஞ்சிட்டனோ?" என்றார் அம்மா.

நான் கொப்பியில் கால் அங்குலத்துக்குக் குறைவு என்று எழுதினேன். அம்மா இறங்கியதும் அப்பா கொஞ்ச நேரம் மட்கார்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் என் தொணதொணப்புத் தாங்காமல் எழுநூறு இறாத்தலுக்கே ஓடர் கொடுத்துவிட்டார். பெட்டி வந்து கராஜ் மூலையில் இருந்தது. பாடம் இல்லாத நேரங்களில் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.

மாசி மாதக் குளிரில் எங்கள் சின்னக் கார் எஞ்சின் செத்துப்போனது. வேறு வாங்க அப்பாவுக்கு மனமும் நேரமும் இருக்கவில்லை. பனி கரைந்ததும் மசில் காரை வீதிக்கு எடுத்தார். வாரத்தில் இரண்டு நாள் அம்மாவை அதில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். நாரிக்குக் கரண்ட் வைக்கப் போகிறோம் என்று எனக்குச் சொன்னார்கள். பனிக்காலம் முடிந்த வீதிகள் குண்டும் குழியுமாகக் கிடந்தன. அப்பா குழிகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

அந்த நாட்களில்தான் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து மாமி, அதாவது அப்பாவின் தமக்கை, எண்ணெய்ப் போத்தலும் தானுமாக வந்தார். மாமியிடமும் அம்மாவுக்கு நாரிப்பிடிப்பு என்றுதான் சொல்லியிருந்தது. அறைக்குள் போய்க் கட்டிலை அமத்திப் பார்த்தவர் திடுக்கிட்டுவிட்டார்.

"இந்த மெத்தைதான் உம்மைக் கெடுக்குது. நாரிக்கு வன்மையாய் இருக்கோணும். பலகையிலை படுத்தால் ரெண்டு கிழமையிலை எழும்பி ஓடுவீர்."

மறுநாள் பலகையும் வந்தது. மாமி பார்த்துக்கொண்டு நிற்க, அம்மா அதில் ஏறிப் படுத்தும் காட்டினார். சுகமாக இருக்கிறது என்றும் சொன்னார். மாமிக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். நான் அதை அப்படியே மனதில் எழுதிவைத்துக்கொண்டேன். மாமி போனபின் அந்தப் பலகை எங்கே போனது என்று நான் தேடிப் பார்க்கவில்லை.

வைகாசி முடிவில், முதல் போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது, இரவுச் சாப்பாட்டு மேசையில் அப்பா பழைய ஸ்பிரிங்கோடேயே ஓடப் போவதாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தரிப்பிடத்தின் தார் சரியில்லை, ரயர் துள்ளும் என்றார். நான் கொப்பியை எடுத்துவந்து துள்ளாது என்று காட்டினேன். ரயர் தேயும் என்றார். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. கடைசியில் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்:

"அம்மாவுக்கு நாரி நோகும், பிள்ளை."

"இல்லையப்பா. நாரிக்கு வன்மையாய்த்தான் இருக்கோணும். மாமி சொன்னவ. மெத்தைதான் கூடாது. எழுநூறு போட்டால் அம்மாவுக்கும் சுகம் வரும்."

அவர்கள் சொன்ன பொய்யை எடுத்து அவர்களுக்கே நான் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். என்னை மறுக்க ஒரு வழிதான் இருந்தது, அதை அவர்கள் இருவரும் சத்தியம் செய்ததுபோல அடைத்து வைத்திருந்தார்கள்.

"பிள்ளை சொல்லுறது சரிதானே. போடுங்கோ" என்றார் அம்மா.

"நீர் பேசாமல் இரும்."

"இல்லையப்பா, போடுங்கோ. ஒருக்கா நானும் வந்து பாக்கிறன்" என்றார் அம்மா.

அந்தச் சனிக்கிழமை அப்பா காரைத் தூக்கி நிறுத்தி முன் ஸ்பிரிங்குகளை மாற்றினார். பிற்பகல் முழுவதும் காருக்குக் கீழேயே கிடந்தார். வேலையில் கவனம் என்று நினைத்தேன். சாவியையும் சுத்தியலையும் எடுத்துக் கொடுத்தபடி நான் இருவருக்கும் சேர்த்துக் கதைத்தேன்.

ஞாயிறு காலை அம்மா நல்ல சேலை ஒன்று உடுத்து, பொட்டு வைத்து, முன் இருக்கையில் ஏறினார். அப்பா முதுகுக்கு ஒரு தலையணை கொண்டுவந்து வைத்தார். நான் அதை உருவி எடுத்தேன். தலையணை வைத்தால் பிறகு வன்மையான ஸ்பிரிங்கால் என்ன பயன் என்று கேட்டேன். அப்பா என்னைப் பார்த்த பார்வை எனக்கு விளங்கவில்லை. அம்மா அவருடைய கையைத் தொட்டு, விடுங்கோ என்றார். அந்தத் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு நான் பின் இருக்கையில் சொகுசாகப் போனேன்.

நாற்பதாம் நெடுஞ்சாலையில் பாலங்கள் வந்தன. பாலத்துக்குப் பாலம் தாரில் ஒரு பொருத்து இருக்கும். பழைய ஸ்பிரிங்கில் அது தெரியாது. இப்போது ஒவ்வொன்றும் காரின் அடியில் சுத்தியலால் அடிப்பதுபோலக் கேட்டது. அம்மா வழக்கத்தைவிட நிறையக் கதைத்தார். என் வகுப்பு ஆசிரியையைப் பற்றிக் கேட்டார், கோடை விடுமுறையில் நீச்சலுக்கு விடட்டோ என்று கேட்டார். பாதிச் சொல்லில் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பொறுத்துத் தொடர்ந்தார். ஒரு கையால் கதவைப் பிடித்திருந்தார். அம்மாவுக்கு வேகம் பயம், அதனால் என்று நினைத்தேன்.

"எப்பிடி அம்மா, முந்தியைவிட நல்லமோ?"

"ஓம். நல்லாய் இருக்கு."

"நாரிக்கு?"

"நாரிக்கும்தான், என்ரை குஞ்சு."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்பா வீதியை மட்டும் பார்த்தபடி ஓட்டினார்.

போட்டியில் கார் நான் சொன்னபடியே செய்தது. சரியவில்லை, குத்தவில்லை. வளைவுகளில் தட்டையாக நின்று திரும்பியது. மூன்றாவது ஓட்டத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக, அப்பா முதல் ஐந்து பேருக்குள் வந்தார். ஒரு மடக்குக் கதிரையின் நுனியில் இருந்து பார்த்த அம்மா கை தட்டினார். எத்தனை செக்கன் என்று என்னிடம் மூன்று தரம் கேட்டார். பக்கத்துக் கார்க்காரக் கிழவர் ஒருவர் வந்து, வண்டி கல்லுப்போல இருக்கிறது என்று பிரெஞ்சில் பாராட்டி அப்பாவின் தோளில் தட்டினார். அப்பா மெர்சி என்றார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வென்றும் சிரிக்கத் தெரியாத மனிதர் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

திரும்பும்போது அவர் நெடுஞ்சாலையில் ஏறவே இல்லை. கரையிலிருந்த சின்ன வீதியால், சைக்கிளுக்கும் கீழான வேகத்தில், அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். எட்டுச் சிலிண்டர்கள் உள்ள காரில் இப்படிப் போவது எனக்கு மானக்கேடாக இருந்தது. அம்மா கண்ணை மூடியிருந்தார். நித்திரை என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கராஜ் கதவு திறந்திருப்பது தெரிந்தது. அப்பா வேலைக்குப் போகவில்லை. கார் மறுபடி தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. எழுநூறு இறாத்தல் ஸ்பிரிங் இரண்டும் நிலத்தில் கிடந்தன. பழையது ஒன்று ஏற்கெனவே ஏறிவிட்டது, மற்றதைப் பொருத்திக்கொண்டிருந்தார். புத்தகப் பையோடு அங்கேயே நின்று கத்தினேன். ஏன் கழற்றினீர்கள், இப்போதுதானே முன்னுக்கு வந்தோம் என்று கேட்டேன். உங்களுக்கு வெல்லவே விருப்பமில்லை என்றும் சொன்னேன். அப்பா கையைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மாவுக்கு நோகுது, பிள்ளை. இரவு முழுக்க நித்திரை இல்லை."

"அம்மா நல்லாய் இருக்கு எண்டு சொன்னவ. நான் கேட்டனான். நாரிக்கும் நல்லம் எண்டவ. நீங்கள் பொய் சொல்லுறியள்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அழுதுவிடுவேனோ என்று பார்ப்பதாக நினைத்தேன்.

"ஓம், பிள்ளை. நான்தான் பொய் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு மறுபடி காருக்குக் கீழே போனார்.

அவரே ஒத்துக்கொண்டபின் பேச ஒன்றும் இருக்கவில்லை. வீட்டுக்குள் போய்ச் சப்பாத்தைக் கழற்றினேன். அம்மாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. எங்கள் வீட்டில் யார் உண்மை பேசுகிறவர், யார் பொய் பேசுகிறவர் என்று கண்டுபிடித்துவிட்ட திருப்தியோடு, மேசையில் மூடிவைத்திருந்த சாப்பாட்டைப் பசியோடு சாப்பிட்டேன்.