சாயங்காலப் பாலில் ஒரு வாடை

எனக்கு எழுபத்தோரு வயது. வளர்த்தது பதினெட்டு. பயந்துவிடாதீர்கள்... பிள்ளைகள் நாலு, மாடுகள் பதினாலு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கோபம் வரும். மாடுகள் ஒன்றும் சொல்லாது.

அந்தப் பதினாலில் கடைசியாக வந்தவள் செவலை. போன திங்கட்கிழமை சாயங்காலம் அவள் பாலைக் கேனில் எடுத்துக்கொண்டு, எங்கள் ஊர் எல்லையில் இருக்கிற கம்பெனி கேட்டில் போய் நின்றேன். விற்க அல்ல. சண்டை போட!

ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். எனக்கு அவசரம் கிடையாது.

எங்கள் ஊர் கெலமங்கலம் ரோட்டில் இருக்கிறது. பால் சொசைட்டியில் முன்பெல்லாம் பாலைப் பெரிய கேன்களில் ஊற்றி வண்டியில் ஏற்றுவார்கள். கெட்டால் ஒரு கேன் கெடும். இப்போது குளிர வைக்கிற டேங்க் வந்துவிட்டது. பளபளவென்று, அண்டா மாதிரி. ஊர்ப்பால் மொத்தமும் அதில்தான். நல்ல வசதி. ஆனால் ஒரு வீட்டுப் பால் கெட்டால்?

கெட்டது. முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை, டேங்க் பாலை வாங்க வந்த லாரிக்காரர் மூடியைத் திறந்தார், முகத்தைச் சுளித்தார், மூடினார். ‘பால்ல வாடை அடிக்குது’ என்று போய்விட்டார். அத்தனை வீட்டு உழைப்பும் வாய்க்காலில் வெள்ளையாக ஓடியது. நாய்கள்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தன.

மறுநாள் சாயங்காலம் செக்ரட்டரி மாதப்பன் வாசலிலேயே நின்றுகொண்டார்.

“இனிமே ஒவ்வொரு கேனையும் மோந்து பாத்துட்டுத்தான் ஊத்துவேன். யாரு பாலு வாடை அடிக்குதோ அவங்க நின்னுக்கணும். சரியாகலைன்னா பால் ஊத்தற அட்டையை வாங்கி வெச்சிருவேன். பேச்சே இல்லை.”

வரிசையில் எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம். எனக்குப் பின்னால் ரத்னம்மா நின்றிருந்தாள். பக்கத்துத் தெரு, கன்னடக்காரி, ஐம்பது வயது இருக்கும். இரண்டே மாடு. புருஷன் படுக்கையில்.

நான்தான் வாயைத் திறந்தேன்.

“மாதப்பா, முதல்ல அவ கேனைப் பாரு. மூடிக்குத் துணி சுத்தி எடுத்தாறா. அந்தத் துணியைத் தொவச்சாளோ என்னமோ.”

என்னத்தைக் கண்டேன்? ஒன்றும் காணவில்லை. ஆனால் சொசைட்டி ஆரம்பித்த நாளிலிருந்து பால் ஊற்றுகிறவள் நான். என் வாயிலிருந்து வந்தால் ஊரில் அதற்கு ஒரு மதிப்பு. மாதப்பன் ரத்னம்மாவின் துணியை முகர்ந்தார். ஈரத்துணி எப்படி இருக்குமோ அப்படி இருந்திருக்கும். “நீ ரெண்டு நாளு வராதம்மா, பாத்துக்கலாம்” என்றார். மற்றவர்களுடைய கேன்களை முகராமலே ஊற்றிக்கொண்டார்.

ரத்னம்மா சண்டை போடவில்லை. “சரி அண்ணா” என்றாள். கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அவ்வளவுதான்.

அன்றைக்கும் டேங்க்கில் வாடை.

வியாழக்கிழமை மாதப்பன் ஒரு கேன் விடவில்லை. வரிசையில் முதல் ஆள் நான். மூடியைத் திறந்தார், மூக்கைக் கொண்டுபோனார்... என்னைப் பார்த்தார்.

“பெரிம்மா... இது உங்களுதுதான்.”

“என்னாது?”

“வாடை. கோவிச்சுக்காதீங்க.”

“ஏன்டா, உன் அப்பன் காலத்துல இருந்து ஊத்தறேன். ஒரு சொட்டுத் தண்ணி கலந்தவளா நான்?”

“தண்ணி இல்ல பெரிம்மா, வாடை. காலையில நல்லா இருந்திச்சி. இப்ப அடிக்குது. செவ்வாக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அப்புறம் உங்க அட்டைன்னுகூடப் பாக்க மாட்டேன்.”

நானே முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருஷமாக மூக்குப்பொடி போடுகிற மூக்கு. அதற்கு என்ன தெரியும்? வீட்டில் குடிப்பது காலைப்பால். சாயங்காலப் பால் முழுக்க சொசைட்டிக்கு. அதனால் வீட்டிலும் யாருக்கும் தெரியவில்லை.

அவமானம் ஒரு பக்கம். ஆனால் நிஜத்தைச் சொன்னால், அதைவிடப் பெரிதாக எனக்குள் ஒரு கேள்வி உட்கார்ந்துகொண்டது. அதே மாடு, அதே மடி, அதே பாத்திரம். காலையில் சுத்தம், சாயங்காலம் வாடை. அது எப்படி?

வெள்ளிக்கிழமை பாத்திரத்தைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். வாடை. சனிக்கிழமை கொட்டகையைக் கழுவி, செவலையைக் குளிப்பாட்டி, மடியை வெந்நீரில் துடைத்தேன். அவள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், ‘கல்யாணம் எதாவது வைத்திருக்கிறாயா’ என்கிற மாதிரி. அன்றைக்கும் வாடை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே செய்யவில்லை. அலுத்துப்போய்விட்டது. சாயங்காலம் மாதப்பன் முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். “பெரிம்மா, சுத்தமா இருக்குது!” என்று ஊற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன்?

அன்று ராத்திரி சாப்பாட்டில் கை வைத்தபோது பளிச்சென்றது. ஞாயிறு கம்பெனிக்கு லீவு! சங்கு ஊதாது, புகை வராது, பெயிண்ட் அடிக்கிற நாற்றம் வராது. மற்ற ஆறு நாளும் வரும். எல்லாம் பொருந்திவிட்டது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு சாம்பாரை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மறுபடி வாடை என்று மாதப்பன் சொன்னதுதான் தாமதம். கேனைத் தூக்கினேன். “கம்பெனிப் புகைடா இது! நியாயம் கேட்டுட்டு வரேன்” என்று வரிசைக்குக் கேட்கச் சொல்லிவிட்டு நடந்தேன். “கேளுங்க, கேளுங்க” என்று நாலு பெண்கள் கை தட்டினார்கள்.

கேட்டில் செக்யூரிட்டி பையன் மிரண்டுபோனான்.

“பாட்டிம்மா, பால் வேணுமான்னு உள்ள கேக்கணுமா?”

“பால் குடுக்க வரலை. மோந்து பாரு. உங்க புகை என் பால்ல எறங்கியிருக்குது. உங்க ஆபீசரைக் கூப்பிடு.”

அவன் முகர்ந்தான். “நல்லாத்தானே இருக்கு” என்றான். பாவம், டவுன் பையன். பாக்கெட் பால் குடித்து வளர்ந்தவன். அந்த நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார் சுடலைமுத்து.

சுடலைமுத்து யார்? கம்பெனி கேன்டீனில் சமையல்காரர். திருநெல்வேலிப் பக்கம். எனக்கு வேண்டியவர். எப்படி வேண்டியவர் என்றால்... ஏரிக்குப் பின்னால் எங்களுக்கு மேய்ச்சல் புறம்போக்கு இருந்தது. முதலில் கம்பெனிக்காரர்கள் பாதிக்கு வேலி போட்டார்கள். அப்புறம் முக்காலுக்கு. போன மாதம் மிச்சத்துக்கும் கம்பி கட்டி லாரி நிறுத்துகிறார்கள். செவலைக்கு மேய இடம் இல்லை. அதிலிருந்து சுடலைமுத்து தினம் மதியம் இரண்டு மணிக்குக் கேன்டீன் பின்வாசலில் ஒரு மூட்டை தருவார். காய் நறுக்கியது போக மிச்சம். நான் ஒரு சொம்பு மோர் தருவேன்.

“என்ன ஆச்சி, கேனோட நிக்கிய?”

சொன்னேன். அவர் கேனுக்குள் குனிந்தார். நிமிர்ந்தபோது சிரிப்பை அடக்க முடியாமல் தோளில் இருந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

“ஆச்சி, இது எங்க பெயிண்ட் வாசமில்ல. எங்க முள்ளங்கி வாசம்!”

“என்னாது?”

“ஒரு வாரமா மூட்டையில முள்ளங்கித் தழையும் முட்டைக்கோஸ் மேலிலையும்தான். ஆறு வருசமா தெனமும் அந்த வாசத்துலதான் நிக்கேன். எனக்குத் தெரியாதா? நான் குடுத்த மூட்டையத்தான் நீங்க எனக்கே கொண்டாந்து காட்டுதிய.”

செக்யூரிட்டி பையன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

கேனைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். போனபோது பத்து நிமிஷம். வந்தபோது அரைமணி நேரம். நடக்க நடக்க ஒவ்வொன்றாக விளங்கியது. ஞாயிறு கம்பெனிக்கு லீவு என்றால் கேன்டீனுக்கும் லீவு. மூட்டை கிடையாது, வெறும் வைக்கோல். மற்ற நாளில் இரண்டு மணிக்கு மூட்டை வரும். வந்ததும் செவலை முன்னால் கொட்டுவேன். அவள் வாய் வேலையாக இருக்கும்போது மூன்றரைக்கு மடியண்டை உட்கார்ந்தால் உதைக்காமல் நிற்பாள். தின்னக் கொடுத்துக் கற — என் மாமியார் சொல்லிக்கொடுத்த வழக்கம். புல் தின்கிற மாட்டுக்கு அது சரி. முள்ளங்கி தின்கிற மாட்டுக்கு? தின்றது அப்படியே பாலில் இறங்குகிறது. விடிவதற்குள் போய்விடுகிறது.

செவ்வாய்க்கிழமை மூட்டையைக் கொட்டகைக்கு வெளியே வைத்தேன். செவலைக்கு வாசனை எட்டிவிட்டது. கத்தினாள். ஒரு உதை, பாத்திரம் உருண்டது. மறுபடி கழுவி, பொறுமையாக வைக்கோலைக் காட்டிக் கறந்து முடித்து, அதற்குப் பிறகே மூட்டையை அவிழ்த்தேன். பால் கொஞ்சம் குறைவுதான். கேனை மாதப்பன் முன்னால் வைத்து, மூடியை நானே திறந்தேன். எழுபத்தோரு வயதில் பரீட்சை!

முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். ஊற்றிக்கொண்டார்.

“என்னா பண்ணீங்க பெரிம்மா? கம்பெனிக்காரன் புகையை நிறுத்திட்டானா?”

“கறந்த பின்னால தீனி போட்டேன்” என்றேன். முள்ளங்கிக் கதையையும் சொன்னேன். சொசைட்டியே சிரித்தது. சிரிக்கட்டும்.

ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரு புதுப் பழக்கம். வரிசையில் நிற்கிறவர்களிடம் எல்லாம் ‘உன் மாடு என்ன தின்கிறது?’ என்று கேட்கிறேன். ஒருத்தி வீட்டு மாட்டுக்குப் பேக்கரி பன். ஒருத்தி வீட்டில் ஹாஸ்டல் சப்பாத்தி. இன்னொரு வீட்டில் ஹோட்டலில் மிஞ்சிய புளித்த மாவு. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இத்தனை வகை கிடைக்குமா என்பது சந்தேகம். புல் என்று சொன்னது ஒரே ஒரு வீடு.

சொசைட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிற தாளை மாதப்பனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். கையைக் கழுவு, நகத்தை வெட்டு, மடியைத் துடை, பாத்திரத்தைக் கவிழ்த்து வை. எல்லாம் சரி. மாடு வாங்க லோன் உண்டு. ஊசி போட ஆள் உண்டு. டேங்க்குக்குக் கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டு. மாடு எங்கே போய் மேயும்? அந்தத் தாளில் அது மட்டும் இல்லை. எழுதினவருக்குப் புல் தானாக முளைக்கும் என்று நினைப்பு. முளைக்கும்தான்... முளைக்க ஒரு இடம் வேண்டாமா?

என் பாலில் வாடை போன மறுநாளே, புதன்கிழமை, ரத்னம்மாவை மாதப்பன் கூப்பிட்டுவிட்டார். வந்தாள். எனக்குப் பின்னால் அதே இடத்தில் நின்றாள். கேன் மூடியில் துணி இல்லை. புது பிளாஸ்டிக் மூடி.

“எதுக்கும்மே புதுசு?” என்றேன்.

“மத்தே... மறுபடி யாராச்சும் சொல்லிடுவாங்க அக்கா” என்றாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

முள்ளங்கியைப் பற்றி ஊருக்கே சொல்லிச் சிரித்தவளுக்கு, அவளிடம் அந்த ஒரு வார்த்தை சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன். ரத்னம்மாவுக்கும் என்னைப் போலத்தான், தமிழ் பேச்சோடு சரி, படிக்க வராது. இது அச்சாகிப் பத்திரிகை வந்ததும் சொசைட்டி வாசலில், பால் ஊற்றுகிற நேரத்தில், சத்தமாகப் படிக்க வைக்கப்போகிறேன். அவள் கேனைப் பார்க்காமல் அவள்மேல் பழி போட்டேன்.

திலகா, பேத்தி மகராசி, இதுவரை நான் சொல்ல நீ எழுதினதை வாசி பார்ப்போம். ரத்னம்மா வருகிற இடத்தை மட்டும் மெதுவாக... நிறுத்து. ‘தெரியாமல்’ பழி போட்டேன் என்று நீயாக எதற்குச் சேர்த்தாய்? அதை அடித்துவிட்டு, மறுபடி வாசி.