“தலை விழுந்துச்சா, சாமி?”

நனைந்த கம்பளி அடுப்புப் புகையில் காயும்போது எழும் வாடை இன்றைக்கும் எங்கேனும் மூக்கில் பட்டால் போதும், பதுளைக்கு மேலே நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தின் மார்கழி மாதம் அப்படியே என் முன்னால் வந்து நின்றுவிடுகிறது. ஜெர்மன் சண்டைக்குச் சில வருஷம் முந்தி; எனக்கு ஏழோ எட்டோ வயது. இலங்கையின் ஊவா மலைப் பக்கத்து மார்கழியில் மழை விடாது. அந்த ஐப்பசியில்தான், இரண்டு வருஷமாக நெஞ்சு நோவில் படுத்துக் கிடந்த என் அப்பா கண்ணை மூடியிருந்தார். வரிசை வீடான லயத்து அறையில் அம்மா, மூத்த பெண் நான், நடை பழகும் தம்பி. பக்கத்து அறையில் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா.

மாரியம்மன் கோயில் பண்டாரம் இளமையில் கும்பகோணத்து மடமொன்றில் அடுப்படி வேலை பார்த்தவர். அங்கே காதில் விழுந்த வேதாந்தக் கதைகளை ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் எங்களுக்கு அவிழ்த்து விடுவார். அப்படி ஒருநாள் கார்க்கி என்ற பெண்ணின் கதையைச் சொன்னார். ராஜசபையில் ரிஷிகளெல்லாம் வாயடைத்துப் போன வேளையில் அவள் எழுந்து, “இந்த உலகம் எது மேல நிக்குது?” என்று பெரிய ஞானியையே கேட்டாளாம். அவர் பதில் சொன்னதும், அது எதன்மேல் நிற்கிறது என்றாளாம். விடாமல் அப்படியே கேட்டுக்கொண்டு போனவளிடம், “இதுக்கு மேல கேட்டா ஒன் தலை விழுந்துரும்” என்றாராம் ஞானி. கதையை அங்கேயே நிறுத்திய பண்டாரம், பெண்கள் பக்கம் விரலை நீட்டி, “பாத்துக்கிடுங்க, ரொம்பக் கேட்டா இதான் கதி” என்று திருநீற்றுத் தட்டை எடுத்தார்.

கம்பளியைத் தலையில் போட்டபடி பின்வரிசையில் இருந்த அம்மா கேட்டாள்: “தலை விழுந்துச்சா, சாமி?”

“அதெல்லாம் ஒனக்கெதுக்கு?”

“சும்மா சொல்லுங்க சாமி.”

மனிதர் பொய் சொல்லத் தெரியாதவர், பாவம். “விழல. செத்த நேரம் உக்காந்திருந்தா. பொறவு எந்திரிச்சு இன்னும் ரெண்டு கேள்வி கேட்டா” என்று முனகினார். அப்பா போனதிலிருந்து சிரிக்காத என் அம்மா அன்று சிரித்தாள்.

தை பிறக்கும் முன் எங்கள் தலையில் இடி விழுந்தது. பிள்ளைகள் இரண்டும் தன் குடும்பத்துச் சொத்து, தம்பி பெண்டாட்டியை அவள் அண்ணனிடம் மதுரைப் பக்கம் அனுப்பிவிடலாம் என்று பெரியப்பா, பெரிய கங்காணியிடம் முறையிட்டார். ஆட்களை இந்தியச் சீமையிலிருந்து கூட்டி வந்தவர் கங்காணி. தோட்டத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கோயில் வாசலில் பஞ்சாயத்துக் கூடியது. அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. பெண்கள் அரசமரத்துக்கு அந்தப் பக்கமே நிற்க வேண்டும். அவர்கள் பேச்சை வீட்டு ஆண்பிள்ளைதான் எடுத்துச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மிச்சமிருந்த ஆண்பிள்ளை யார்? பெரியப்பாதான்! அவர் துளியும் கூசாமல், “அவளுக்கும் ஊருக்குப் போகத்தான் இஷ்டமாம்” என்று என் அம்மாவின் வாயாக நின்று சொன்னார்.

அம்மா தம்பியை என் இடுப்பில் ஏற்றிவிட்டு மரத்தைத் தாண்டி நடந்தாள்.

“ஐயா, ஒரு கேள்வி. பிள்ளைக யாரோடது?”

“அப்பன் வீட்டோடது. இது தெரியாதா?” என்றார் கங்காணி.

“அந்த வீட்ல ரெண்டு வருசமா அடுப்பு எதால எரிஞ்சுச்சு?”

“பேரு விழுந்துச்சு, அரிசி வந்துச்சு.” ஒரு நாள் வேலைக்கு ஒரு ‘பேர்’ என்பது தோட்டத்து வழக்கம்.

“அந்தப் பேரு யாரு கொழுந்தெடுத்து விழுந்துச்சு, ஐயா?”

பேர் போட்டவரே அவர்தானே! “நீதான்” என்று சொல்ல வேண்டியதாயிற்று.

“அப்ப அந்த வீடு எது மேல நிக்குது?”

“போதும் வீராயி! இதுக்கு மேல வாயைத் தொறந்தே, இந்தத் தோட்டத்துலயே இருக்க மாட்டே.”

அம்மா ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் முடிந்தது என்று நான் தம்பியை இறுக்கிக்கொண்டு அழுதேன். பிறகு அவள் மெல்ல எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள்.

“நாளைக்கு இந்தப் பிள்ளைக வந்து, எங்க ஆத்தா எங்கன்னு கேட்டா, நீங்க யாரு வாயால பதில் சொல்லுவீங்க, ஐயா?”

கங்காணி வெற்றிலையைத் துப்பினார். பெரியப்பாவை ஒரு பார்வை பார்த்தார். “பிள்ளைக ஆத்தாகிட்டயே கெடக்கட்டும்” என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தும் காலைப் பெரட்டில் ஆள் பிரிக்கும்போது அம்மாவைப் பாறைமலைக்கு ஏவினார்கள். அட்டையும் வழுக்கலுமான அந்தச் சரிவில்தான் அவள் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. “கார்க்கி வர்றா, வழி விடுங்கடி” என்று கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் அந்தப் பெண்களே, புருஷன்மார் அதட்டும்போது, “கேட்டா தலை விழுந்துருமாக்கும்?” என்று திருப்பிக் கேட்கத் தொடங்கியதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

பிற்காலத்தில் பத்திரிகைகளில் படித்தபோதுதான், கார்க்கி தனியாள் அல்ல, சொத்தைத் தருகிறேன் என்ற கணவனிடம் இதனால் சாவை வெல்லலாமா என்று கேட்ட மைத்ரேயியும் இருந்தாள், வேதப் பாடல்களிலேயே பெண்கள் பாடியவை உண்டு என்றெல்லாம் தெரிந்துகொண்டேன். படித்தபோதெல்லாம் எனக்கு அம்மாவின் முகம்தான் தெரிந்தது.

அம்மா செத்து, அவளை எடுத்துக்கொண்டு போன அன்று, லயத்துக் கோடியில் என்னை மறித்து, “பொம்பளைப் பிள்ளை இதோட நில்லு, காட்டுக்கு வரப்படாது” என்றார்கள். “வந்தா என்ன ஆகும்?” என்று கேட்டேன். மறித்த கையை விலக்கினேன். நான் நடந்தேன்.

போன மாதம் அங்கே போயிருந்தேன். அரசமரம் இல்லை. பண்டாரத்தின் கதையை அறிந்தவர் ஒருவரும் இல்லை. அம்மாவைப் புதைத்த இடத்தில் தேயிலை நட்டுவிட்டார்கள். எந்தச் செடியின் கீழ் என்று எனக்கே பிடிபடவில்லை. குத்துமதிப்பாக ஒரு செடியருகே குனிந்து, “நானும் கேட்டுக்கிட்டேதான் ஆத்தா இருக்கேன். இன்னும் விழல” என்று சொல்லிவிட்டு வந்தேன்.