குளிசை தந்த நிறம்

போன வருடத் தவக்காலம். தாழ்வுபாடு என்ற எங்கள் ஊரில், எங்கள் வீட்டிலும் அடுத்த வீட்டுக் கிணற்றடியிலுமாக நடந்தது இது.

அதற்குக் கொஞ்சக் காலம் முந்தித்தான் எனக்கு இரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். தினமும் ஒரு மருந்துக் குளிசை விழுங்கவேண்டும். இரத்தக் கலங்களைப் பெருகு பெருகு என்று ஏவிக்கொண்டிருக்கும் சமிக்ஞையை அது அடைத்துவிடுமாம். தோலுக்குக் கறுப்பு நிறம் கொடுக்கும் சமிக்ஞையும் கூடவே கொஞ்சம் அடைபடுமாம். டொக்டர் சொன்னதில் பாதிதான் எனக்கு விளங்கியது. ஆனால் சிறுவயதிலிருந்தே கறுப்பி என்று பெயரெடுத்த நான் மெல்ல மெல்ல வெளுக்கத் தொடங்கினேன்! பூசை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் சூழ்ந்துகொண்டு என்ன கிரீம் பூசுகிறேன் என்று கேட்பார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நிற்பேன்.

எனக்கு வந்த நோயை, இந்த வருத்தத்தை, ஒருவருக்கும் சொல்லவில்லை. கலியாண வயதில் மகள் இருக்கிறாள். இது பரம்பரையில் வராது என்று டொக்டர் சொன்னார்தான், ஊர் வாய்க்கு அதை யார் சொல்வது?

ஒரு வெள்ளிக்கிழமை, குளிசை அட்டை ஒன்றைக் காணவில்லை. தேடும்போதே அடுத்த வீட்டில் சத்தம். அந்த வீட்டுப் பிள்ளைக்கு உயிர்த்த ஞாயிறு கழியக் கலியாணம். நிறம் போதாது என்று மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்திருந்தார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால், அவள் கிணற்றடியில் குனிந்து ஓங்காளித்துச் சத்தி எடுக்கிறாள். தாய் அவளின் தோளைப் பிடித்து உலுக்கி, யாரென்று சொல்லடி என்று கேட்கிறாள். பிள்ளை தாயின் பக்கம் திரும்பவேயில்லை. என்னையே பார்த்தாள். காலையில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்துபோனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான் தினமும் குளிசை எடுப்பதைக் கண்டு, வெளுத்தது இதனால்தான் என்று கண்டுபிடித்து, ஒருசந்தி நோன்பு இருந்த வெறும் வயிற்றில் விழுங்கியிருக்கிறாள்.

பேசாமல் திரும்பினால் இவள் மானம் போகும். பேசினால் என் மகளின் வாழ்க்கை?

"அவளை விடுங்கோ மச்சாள். அவள் குடிச்சது என்ர குளிசையை. எனக்கு இரத்தத்தில புற்றுநோய்."

தாயின் கை தானாகத் தளர்ந்தது. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். பின்னேரம் தெளிந்துவிட்டாள். கட்டிலில் கிடந்தபடியே மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப மாமி, இந்த வெள்ளை உங்கட வருத்தமா?"

வருத்தமா, மருந்தா? போர்வையை இழுத்து அவளுக்குப் போர்த்திவிட்டேன்.

இப்போது என்னிடம் ஒருவரும் கிரீம் கேட்பதில்லை. மகளுக்குப் பேசிவந்த ஒரு சம்பந்தமும் சத்தமில்லாமல் நின்றுபோனது. அந்தப் பிள்ளை புருஷனோடு சிரித்துக்கொண்டு வரும்போது அன்று நான் செய்தது சரியென்றே படுகிறது. வீட்டுக்கு வந்து என் மகளின் முகத்தைப் பார்த்தால் மறுபடியும் குழம்பிப்போகிறேன்.