இருளம்மாள் எழுதிய கடைசிச் சீட்டு

சிவகாசியில் புத்தகங்கள் எடைக்கு வரும். பரீட்சை முடிந்த பாடநூல்களும், மூடிப்போன மன்றங்களின் அலமாரிப் புத்தகங்களும், படித்தவர் செத்துப்போன வீட்டுப் பரண் சாமான்களும் மூட்டையாகக் கட்டி லாரியில் வந்து இறங்கும். சாபிரின் பழைய பேப்பர் கிட்டங்கியில் அவற்றின் அட்டையைக் கிழித்து, தையலைப் பிரித்து, தாளைக் கட்டுக் கட்டாக எம். புதுப்பட்டி வீடுகளுக்கு அனுப்புவார்கள். அங்கே பெண்கள் தாளில் பசை தடவிக் கம்பியில் சுற்றி உருட்டினால் அது வெடிக்கான குழாய். தீபாவளியன்று ஊர் ஊராக வெடித்துச் சிதறுவதில் எத்தனையோ பேர் கண் எரிய எழுதிய கதைகளும் உண்டு.

நாற்பத்திரண்டு வயது சாபிருக்கு வாப்பா விட்டுப்போன தொழில் அது. விட முடியவில்லை, முழுமனதாகச் செய்யவும் முடியவில்லை. தராசுக்குப் பின்னால் ஓர் இரும்பு ரேக் போட்டு, மூட்டை பிரிக்கும்போது கண்ணில் படுகிற நல்ல புத்தகங்களை அதில் ஒதுக்கி வைத்தார். படிக்கிற ஆள் யாராவது வந்தால் கொடுப்பார்.

அந்த ரேக்கை இருளம்மாள் கண்டுபிடித்தது 2001ஆம் வருடம். ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துக் கிராமத்துக்காரி. பட்டாசுக் கம்பெனியில் குழாய்க்குள் வெடிமருந்து செலுத்துகிற வேலை. ஆள் ஏற்றுகிற கம்பெனி வேன் ஒருநாள் கிட்டங்கி வாசலில் பஞ்சராகி நின்றது. மற்றவர்கள் டீ குடிக்கப் போக, இவள் நேராக உள்ளே வந்து ரேக்கின் முன்னால் நின்றாள். முதலில் கேட்டதே வம்பான கேள்வி.

"அண்ணாச்சி, இதுல கடைசிப் பக்கம் இருக்கிற புஸ்தகம் எது?"

சாபிருக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அவள் விவரம் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி அவளைக் குழாய் உருட்ட உட்கார்த்தியிருக்கிறார்கள். தாளில் பசை தடவும் முன்னால் ஒரு பார்வை பார்த்து, அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் உருட்டுவாளாம். அப்படி எட்டு வருடம். ஆயிரம் கதைகளின் நடுப்பக்கம் அவளுக்குத் தெரியும். ஒரு கதைக்கும் முடிவு தெரியாது. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளையைப் பிடித்து வெடிக்குக் குழாய் செய்ய வைத்த நாடு அவளுக்குக் கொடுத்த இலக்கியக் கல்வி அவ்வளவுதான்.

அட்டை முதல் அட்டைவரை முழுசாக இருந்த ஒரு நாவலைத் தேடிக் கொடுத்தார் சாபிர். ஆறாம் நாள் வேன் டிரைவர் சுடலை கையில் அது திரும்பி வந்தது. உள்ளே ஒரு சீட்டு. அச்சுப் பிசகிக் கழித்துப் போட்ட வெடி லேபிளின் பின்பக்கத்தில், பெரிய பெரிய எழுத்தில்: "நல்ல கதைதான். ஆனா அந்த மருமக எதுக்கு இம்புட்டு அழுவுறா. அடுத்து வெள்ளைத்தாய்க்குக் குடுங்க. அவ மாமியாளும் இப்படித்தான்."

அந்தச் சீட்டு வழக்கமாகிவிட்டது. காலண்டர் பிரஸ்ஸில் புரூஃப் பார்க்கிற சங்கரபாண்டியன், தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் இரண்டு பேர், இருளம்மாளோடு கம்பெனியில் வேலை செய்கிற வெள்ளைத்தாய், சுடலையின் தங்கை என்று ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். படித்து முடித்தவர் லேபிளின் பின்னால் மூன்று விஷயம் எழுத வேண்டும்: முடித்த தேதி, மனதில் பட்டது, அடுத்து யார் படிக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் ஒருவரும் வைத்திருக்கக் கூடாது என்பதால் தேதி கட்டாயம். சங்கரபாண்டியன் பக்கம் பக்கமாக எழுதுவார். இருளம்மாள் இரண்டு வரிதான். ஆனால் அவள் யார் பெயரைப் போட்டாலும் அந்தப் புத்தகம் அந்த ஆளுக்குச் சரியாகப் பொருந்தும். ஆளைப் பார்த்துப் புத்தகம் சொல்வது ஒரு திறமை. அது சாபிருக்கு இல்லை என்று அவரே ஒப்புக்கொள்வார்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கியில் கூடி, கட்டுகளின் மேல் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். சங்கரபாண்டியன் ஒரு நாவலை ஆகா ஓகோவென்று புகழ்ந்தால், "அண்ணாச்சி, அந்த ஆளு பசின்னு நாப்பது பக்கம் எழுதியிருக்காரு, ஒருநாளாவது பட்டினி கெடந்திருப்பாரா?" என்பாள் இருளம்மாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஏலே, இவ வாய்க்கு முன்னால எந்த எழுத்தாளன்லே நிப்பான்" என்று சரணடைவார். சாபிரின் மனைவி பீவி ஜான் டீ போட்டுக்கொண்டு வந்து, கதை பேசவே ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிறது, வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கிடைக்கவில்லை என்று புருஷனைக் குத்திவிட்டுப் போவாள்.

2005 ஆகஸ்டில், சீசன் மும்முரத்தில், சாபிர் அவளுக்கு ஒரு பழைய நாவல் கொடுத்தார். பரிசல்காரன் ஒருவன் ஆற்றோடு போய்விட, அவன் மனைவி துடுப்பை எடுக்கிறாள். பொம்பளை ஓட்டுகிற பரிசலில் ஏறமாட்டோம் என்று ஊரே ஒதுக்கி வைக்கிறது. கடைசியில் வெள்ளம் சூழ்ந்துகொள்ள, அதே ஊர் அவளைக் கூப்பிடுகிறது. அவள் வருகிறாளா என்பதுதான் கதை. படிக்கும்முன்பே இருளம்மாள் சொல்லிவிட்டாள், வரக் கூடாது என்று. வருவாள் என்று சாபிர் வாய்விட்டுவிடப் பார்த்தார். அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கம்பெனி வெடித்தது. ஐந்து பேர். இருளம்மாள் அதில் ஒருத்தி. வெள்ளைத்தாய் அன்று காய்ச்சலென்று வேலைக்குப் போகாததால் தப்பினாள்.

ஊரில் சிலர் விதி என்றார்கள். நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் ஒன்பது பேரை உட்கார்த்தி, ஆர்டர் முடிய வேண்டுமென்று மரத்தடியில் மருந்து காயப்போட்டு, அளவுக்கு மேல் சரக்கை அறையில் அடுக்கிவைத்தது விதி அல்ல. அதைச் செய்தவனுக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு. அதனால்தான் மறுநாளே கம்பெனி வேறொரு பெயரைத் தேடியது. ஃபோர்மேன் டி.வி.காரனிடம் சொன்னான்: அந்த இருளம்மா எப்பப் பாத்தாலும் புஸ்தகமும் கையுமா இருப்பா, அன்னைக்கும் மடியில வச்சுப் படிச்சுக்கிட்டே மருந்து செலுத்தியிருக்கா, கவனம் தப்பிருச்சு.

புத்தகம் எங்கே என்று யாரோ கேட்டதற்கு, எரிந்துபோயிருக்கும் என்றானாம்.

அந்தச் செய்தி வியாழக்கிழமை சாயங்காலம் கிட்டங்கிக்கு வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது: அவளுக்குப் புத்தகம் கொடுத்தது யாரென்று விசாரிக்கப் போகிறார்கள். பீவி ஜான் கதவைச் சாத்திவிட்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை.

"வேற யாராவதுன்னா புஸ்தகம் குடுத்தான்னு எழுதுவாக. நம்மன்னா என்ன புஸ்தகம், எதுக்குக் குடுத்தான்னு எழுதுவாக. நம்ம புள்ள ரியாசுக்கு இப்பத்தான் காலேஜ்ல எடம் கெடச்சிருக்கு. யோசிச்சுக்கங்க."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அந்த வருடங்களில் வெடி என்ற சொல்லும் சாபிர் என்ற பெயரும் ஒரே காகிதத்தில் வந்தால் என்ன ஆகும் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ரேக்கில் முப்பத்திரண்டு புத்தகங்கள் இருந்தன. சாபிர் ஒவ்வொன்றாக எடுத்து அட்டையைக் கிழித்தார், தையலைப் பிரித்தார். எந்தப் புத்தகமென்று பார்க்கக் கூடாது என்று தலையைத் திருப்பிக்கொண்டே கிழித்தார். விடிந்ததும் எம். புதுப்பட்டிக்குப் போகிற லோடில் கட்டுகளைச் சேர்த்து ஏற்றிவிட்டார்.

ஒருவரும் விசாரிக்க வரவில்லை.

எட்டாம் நாள் சுடலை வந்தான். வெந்த உடம்புகளைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போனவன். ஒரு வாரமாக ஸ்டியரிங்கைத் தொட முடியாமல் படுத்துக்கிடந்திருக்கிறான். காலியான ரேக்கைப் பார்த்தவன் முகம் மாறியது.

"அண்ணாச்சி, அந்தப் பரிசல் புஸ்தகம் எங்க?"

எந்தப் பரிசல் புத்தகம், அதுதான் எரிந்துபோனதே என்றார் சாபிர்.

"என்ன எரிஞ்சது? அன்னைக்குக் காலையில வண்டியில ஏறும்போதே முடிச்சிட்டேன்னு எங்கிட்ட குடுத்துட்டா. ஆளை எறக்கிவிட்டுட்டு ஒம்பது மணிக்கு நான்தான கொண்டாந்து ரேக்குல வச்சேன். நீங்க தராசுல நின்னீக. சீட்டுகூட உள்ள இருந்துச்சு, தேதி போட்டு."

சாபிர் காலி ரேக்கைத் திரும்பிப் பார்த்தார். வெடிப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பே புத்தகம் அவர் கிட்டங்கியில் இருந்திருக்கிறது. அவள் மடியில் புத்தகமே இல்லை. அதற்குச் சாட்சி அவள் கையால் எழுதிய சீட்டு. அதைத்தான் தலையைத் திருப்பிக்கொண்டு அவர் கிழித்துப் போட்டிருந்தார்.

நீயாவது வந்து சொல் என்று சுடலையின் கையைப் பிடித்தார். வேன் கம்பெனியுடையது, அவர்களிடம் வாங்கிய கடனும் இன்னும் பாதி நிற்கிறது, சீட்டு இருந்தால் காட்டுங்கள், என் பெயர் வேண்டாம் என்று அவன் அழுதான்.

சாபிர் சைக்கிளை எடுத்துக்கொண்டு எம். புதுப்பட்டிக்குப் போனார். அந்த லோடு போன வீடுகளில் ஏறி இறங்கினார். எல்லா வீட்டு வாசலிலும் குழாய்கள் வெயிலில் காய்ந்தன. ஒவ்வொரு குழாயிலும் எழுத்து தெரிந்தது. குனிந்து குனிந்து பார்த்தார். கடைசி வீட்டுக் குழாய்களில் துடுப்பு என்ற சொல்லும் கரை என்ற சொல்லும் கண்ணில் பட்டன. அந்த வீட்டுக்காரி கற்பகவல்லி, இடுப்புப் பிள்ளையோடு வெளியே வந்தாள். லேபிள் சீட்டு ஏதாவது இருந்ததா என்று கேட்டார்.

இருந்தது என்றாள். வழுவழுத் தாள் பசை பிடிக்காது, குழாய்க்கு ஆகாது. அதனால் பொறுக்கித் தனியே வைத்திருந்தாள். அடுப்புப் பற்றவைக்க.

"எரிச்சாச்சாம்மா?"

"முந்தாநாள். ஆனா படிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன், அண்ணே. ஒண்ணுல மட்டும் கையெழுத்து பெருசு பெருசா இருந்துச்சு. 'இருபத்திமூணு, செவ்வாய். வரக்கூடாதுன்னு நெனச்சேன், வந்துட்டா. அதான் எனக்குக் கோவம். ஆனா கோவம் கொறஞ்சப்புறம் சரின்னுதான் படுது. அடுத்து சாபிர் அண்ணாச்சியே மறுக்காப் படிக்கணும், அவுக அவசரமாப் படிச்சிருப்பாக' அப்படின்னு போட்டிருந்துச்சு."

செவ்வாய்க்கிழமை. வெடித்ததற்கு முந்தின நாள். வார்த்தைக்கு வார்த்தை நினைவில் வைத்திருந்தாள் கற்பகவல்லி. வெடிவிபத்தை விசாரிக்கிற அதிகாரி முன்னால் இதை ஒருமுறை சொல்ல வர வேண்டும் என்று சாபிர் கும்பிட்டார். அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். இந்தக் குழாயெல்லாம் அதே கம்பெனிக்குத்தான் போகிறது என்றாள். மன்னிச்சுக்கங்க என்று கதவைப் பாதி சாத்தினாள். அவரால் கோபப்பட முடியவில்லை. முப்பத்திரண்டு புத்தகத்தைக் கிழித்த கை அவருடையது.

ஆனாலும் போனார். விசாரணை அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். எழுத்து ஏதாவது உண்டா, பார்த்தவர் யாராவது வருவார்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. புத்தகம் என்னவாயிற்று என்றபோது, பயந்து கிழித்துவிட்டேன் என்று உண்மையைச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டினார்: இறந்தவருக்குப் புத்தகம் கொடுத்து வந்ததை இவர் ஒப்புக்கொள்கிறார், சம்பவத்துக்கு மறுநாள் புத்தகங்களை அழித்ததையும் ஒப்புக்கொள்கிறார். இரண்டும் உண்மை. இரண்டும் சேர்ந்து பெரும் பொய்யாகிவிட்டன. அதன் கீழே சாபிர் கையெழுத்துப் போட்டார்.

கம்பெனி இரண்டு மாதத்தில் திறந்தது. வாசலில் தீப்பெட்டி, பீடி, செல்போன் இருக்கிறதா என்று சோதிப்பதோடு இப்போது சாப்பாட்டுப் பையில் புத்தகம் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். அறையில் இப்போதும் அதே ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள். அதை யாரும் எண்ணவில்லை. இருளம்மாளின் மகளைப் பள்ளிக்கூடத்தில், உங்கம்மா கதை படிச்சு நாலு பேரக் கொன்னுட்டா என்று சொன்னார்களாம். அதைக் கேட்ட அன்றுதான் சாபிர் அவள் ஊருக்கு பஸ் ஏறினார்.

இருளம்மாளின் புருஷன் சோலைச்சாமி எழுதப் படிக்கத் தெரியாதவர். மத்தியான வெயிலில் ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தார். சாபிர் நின்றவாறே எல்லாவற்றையும் சொன்னார். சீட்டைச் சொன்னார், ரேக்கைச் சொன்னார், கிழித்ததைச் சொன்னார். சோலைச்சாமி கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"படிக்கச் சொன்னதும் நீங்க. கிழிச்சதும் நீங்க."

சாபிர் போய்விடலாமென்று திரும்பினார்.

"பாய்."

சோலைச்சாமி குரல் மாறியிருந்தது. "எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே. சோத்தப் போட்டுக்கிட்டே தெனம் கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லுவா. வெள்ளம் வந்திருச்சு, கூப்பிடுறாங்க, அது வரைக்கும் சொன்னா. செவ்வாக்கெழம ராத்திரி படிச்சு முடிச்சிட்டா, எனக்குத் தூக்கம் வந்திருச்சு. மிச்சத்த நாளைக்குச் சொல்லுறேன்னு படுத்துக்கிட்டா." கயிற்றை மறுபடி இறுக்கினார். "வந்தாளா, வரலையா?"

சாபிர் குழைக்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்குள்ளிருந்து அந்தப் பெண்பிள்ளையும் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. இருளம்மாள் சொன்னது சரிதான், அவர் அவசரமாகத்தான் படித்திருந்தார். பல இடங்கள் நினைவில் இல்லை. மறுபடி படிக்கப் புத்தகமும் இல்லை.

"வந்தா" என்று தொடங்கினார். "வந்து, மொதல்ல தன்னை ஏசுனவனத்தான் ஏத்துனா..."