கேட் பரமசிவனின் ஒரே படம்

பாறசாலையில் இறங்கிப் பரமசிவன் வீடு எது என்று கேட்டால் நான்கு பரமசிவன்களைக் காட்டுவார்கள். கேட் பரமசிவன் என்று சொல்லிப் பாருங்கள், ஆட்டோக்காரர் மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்பிவிடுவார். இத்தனைக்கும் அந்தக் கேட் இல்லாமல் போய் எட்டு வருடத்துக்கு மேலாகிறது. பெயர் மட்டும் ஆளைவிட்டுப் போகவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குள் நுழையும் ரோட்டில் இருந்த வரிச் சோதனைச்சாவடியில் இருபத்தெட்டு வருடம் வேலை. வேலை என்றால் ஒரே வேலைதான்: லாரி வந்தால் கேட்டை அடைப்பது, ஆபீசர் தலையாட்டினால் திறப்பது. இதற்கெல்லாம் ஒரு ஆளா என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் ஒரு நாள் விடியற்காலையில் அங்கே நின்று பார்த்திருக்க வேண்டும். வாழைக்குலை லாரி ஒரு பக்கம் ஹார்ன் அடிக்கும், கோழி லாரி மறுபக்கம் நாறும், பின்னால் நிற்கிற பஸ்ஸிலிருந்து நாற்பது பேர் கெட்ட வார்த்தை சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் கேட்டின் வாலில், அதாவது குட்டை முனையில், கைவைத்தபடி மனிதர் அசையாமல் நிற்பார்.

புதிய வரி வந்தது, சாவடிக்கு வேலையில்லாமல் போயிற்று. கடைசி நாளில் ஆபீசர்கள் எல்லோரும் கேட்டுக்கு முன்னால் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். "பரமசிவனும் வாரும்" என்று கூப்பிடத்தான் செய்தார்கள். அப்போது பார்த்து ஏழெட்டு லாரி வந்து நின்றுவிட்டது. கேட்டை விட்டுவிட்டு எப்படி வருவது? அந்தப் படம் இன்றும் நெய்யாற்றின்கரையில் ஒரு ஆபீசரின் வீட்டில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. பதினேழு பேர் சிரிக்கிறார்கள். மேலே தூக்கிய கேட்டும் அழகாக விழுந்திருக்கிறது. அதன் வாலை அமுக்கிப் பிடித்திருந்தவர் மட்டும் சூப்பிரண்டின் வயிற்றுக்குப் பின்னால் போய்விட்டார்.

அன்றிலிருந்து பரமசிவனுக்கு ஒரே ஒரு ஏக்கம். கேட்டும் தானுமாக ஒரு படம் வேண்டும். கல்யாணப் படம் இருக்கிறது, ஆதார் கார்டில் பயமுறுத்துகிற படம் இருக்கிறது. வாழ்க்கையின் பாதியை நின்றே கழித்த இடத்தில் தான் நின்றதற்கு ஒரு அத்தாட்சியும் இல்லை. "இருபத்தெட்டு வருசம் நான் எங்கயாக்கும் இருந்தேன்?" என்று மனைவி லேகாவிடம் கேட்பார். "எனக்கிட்டயா கேக்குதிய? வீட்டுல இல்ல, அது மட்டும் உறப்பு" என்பாள் அவள்.

இப்படியிருக்கும்போதுதான் 'அதிர்த்தி நாற்பத்தேழு' என்று ஒரு மலையாள சீரியல் வந்தது. அதிர்த்தி என்றால் எல்லை. எல்லையைக் காக்கிற ரகசியப் படையில் நான்கு ஆபீசர்கள், நான்கு கறுப்புக் கண்ணாடி. தினமும் ஏழரை மணிக்குத் தங்கம் பிடிப்பார்கள், துப்பாக்கி பிடிப்பார்கள், விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஒரு குண்டும் வெடிக்கும். களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவில் இவ்வளவு வெடிச்சத்தம் எந்தக் காலத்தில் கேட்டது என்று எங்களுக்கு யாருக்கும் ஞாபகமில்லை. ஆனாலும் ஒரு நாள் விடாமல் பார்த்தோம். நம்ம ரோட்டின் பழைய நம்பர் டிவியில் வந்தால் விட முடியுமா?

பரமசிவன் பார்த்த விதமே வேறு. ஆபீசர்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார், கேட்டைத்தான் பார்ப்பார். சீரியலில் கேட் காவலுக்கு நின்ற ஆள் நீள முனையைத் தோளில் ஏற்றித் தூக்கினான். பரமசிவனுக்குப் பொறுக்கவில்லை.

"எலே, அது என்ன நெல்லு மூடையா? வால அமுக்குலே! வால அமுக்கு!"

"டிவிக்குக் காது கேக்காது, கேட்டியளா?" என்று லேகா அடுக்களையிலிருந்து சொல்வாள்.

விஷயம் இதுதான். கேட் என்பது ஒரு நீள இரும்புக் குழாய். குட்டை முனையில் கான்கிரீட் கட்டை தொங்கும். அந்த முனைதான் வால். வாலை அமுக்கினால் நீள முனை தானாக எழும்பும், கையைத் தளர்த்தினால் தாழும். இவ்வளவுதான் வித்தை. இதுகூடத் தெரியாமல் நாட்டைக் காக்க வந்துவிட்டார்கள் என்று பரமசிவன் தினமும் பொருமுவார்.

பொருமல் யார் காதில் விழுந்ததோ, போன கார்த்திகையில் அந்த சீரியல் கம்பெனியே பாறசாலைக்கு வந்தது. பழைய சாவடிப் பக்கம் செட் போட்டார்கள். கேட்டும் வைத்தார்கள். தூக்கினால் தாழவில்லை, தாழ்த்தினால் எழும்பவில்லை. உதியன்குளங்கரைக்காரி ஜிஜா அதில் உதவி டைரக்டர். ஸ்கூட்டரில் நேரே பரமசிவன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"மாமா, நீங்க வந்து கேட்டச் செரியாக்கித் தரணும். ஒரு சீன்ல நிக்கவும் வேணும். கள்ளக்கடத்து வண்டி ஒண்ணு வரும். நீங்க கேட்டத் தொறக்காம நிக்கணும். வண்டி பிரேக் போட்டு நிக்கும், ஆபீசர்மாரு ஓடிவந்து வளைவாங்க. அவ்வளவுதான்."

பரமசிவன் ஒரே கேள்விதான் கேட்டார். "மக்களே, எனக்க மூஞ்சி தெரியுமா?"

"குளோசப்பே உண்டு மாமா."

மறுநாள் காலையில் அவர் சவரம் செய்துகொண்ட அழகை லேகா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அறுபத்தொரு வயதில் கல்யாண மாப்பிள்ளைபோல மீசையை ஒதுக்கினாராம். கம்பெனிக்காரர்கள் கொடுத்த நீலச் சட்டை தோளில் கொஞ்சம் தொங்கியது. போகட்டும், முகம்தானே முக்கியம். கான்கிரீட் கட்டையை அரையடி பின்னுக்குத் தள்ளி முறுக்கினார், கேட் சொன்ன பேச்சுக் கேட்டது. வாலில் கைவைத்து நின்றார். இரும்பின் குளிர்ச்சி உள்ளங்கையில் ஏறியதும் மனிதருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தக் குளிர்ச்சியோடு கிரகோரியும் ஞாபகத்துக்கு வந்தார். பொழியூர்க்காரர், மீன்வண்டி ஓட்டுகிறவர். பொழியூரில் கடல் கரையைத் தின்னும், வள்ளம் இறக்க முடியாத நாள்தான் அதிகம். அதனால் குளச்சலுக்குப் போய் மீன் ஏற்றி, காலை ஐந்தரைக்கெல்லாம் சாவடி வளைவுக்கு வருவார். நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று என்று ஹார்ன் அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டால் பரமசிவன் வாலை அமுக்கிவிடுவார். மீனுக்கு வரி கிடையாது. வரிசையில் நிறுத்தினால் ஐஸ்தான் உருகும், சந்தையும் போய்விடும். ஆபீசர்களும் கண்டுகொள்வதில்லை. வண்டி நிற்காமலே கேட்டுக்கு அடியில் போகும். கிரகோரி கையைத் தூக்குவார், பரமசிவனும் கையைத் தூக்குவார். கிறிஸ்துமஸ் வந்தால் ஜன்னல் வழியாக ஒரு பொதி அயிலை மீன் வந்து விழும். லஞ்சம் என்கிறவன் சொல்லிவிட்டுப் போகட்டும், அந்த மீனின் ருசி எனக்கும் தெரியும்.

இருபத்துமூன்று வருடம் இப்படித்தான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சாயா குடித்ததில்லை. ஒரு நாளைக்கு இரண்டு வினாடி, அதற்குள் "சொகமா மக்கா?", "சொகம், உனக்கு?" அவ்வளவுதான். கேட் போனதும் அந்த இரண்டு வினாடியும் போய்விட்டது. ஆபீசர்கள் போனதற்கு வருந்தாத பரமசிவன் அதற்கு வருந்தினார். ஐந்தரைக்கு விழிப்பு வந்து படுக்கையில் கிடந்து ரோட்டுச் சத்தத்தைக் கேட்பார் என்று லேகா சொல்லியிருக்கிறாள்.

டைரக்டர் சஜன் மைக்கில் கத்தினான். கறுப்புக் கண்ணாடிகள் மரத்துக்குப் பின்னால் பதுங்கின. கேமரா பரமசிவனின் முகத்தைப் பார்த்துத் திரும்பியது. "ஆக்‌ஷன்!"

வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹார்ன் கேட்டது. நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று.

பரமசிவன் யோசிக்கவேயில்லை. கை அமுக்கிவிட்டது. கேட் ஜம்மென்று எழும்பியது. கடத்தல்காரர்களின் மீன்வண்டி அதன் அடியில் அறுபது மைல் வேகத்தில் பறந்தது. ஜன்னலில் ஒரு கை எழும்பியது, இவர் கையும் எழும்பியது. துப்பாக்கியோடு பாய்ந்து வந்த நான்கு ஆபீசர்களும் வெறும் ரோட்டை வளைத்துக்கொண்டு நின்றார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

"கட்! கட்! எந்தா சேட்டா இது?" சஜன் தொப்பியைத் தரையில் அடித்தான்.

வண்டி தூரத்தில் போய் நின்றது. கம்பெனிக்காரர்கள் பொழியூர்ச் சந்தையில் ஒரு பழைய மீன்வண்டியை டிரைவரோடு வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள். கேட்டில் யார் நிற்கப்போகிறார் என்று கிரகோரிக்கும் தெரியாது, வண்டியில் யார் வருகிறார் என்று இவருக்கும் தெரியாது. வளைவைப் பார்த்ததும் கை தானாக ஹார்னுக்குப் போய்விட்டதாம்.

கதவு திறந்தது. கிரகோரி இறங்கினார். "எலே பரமா! நீயாக்கும்!" என்று கூவிக்கொண்டே வந்தார். பரமசிவன் திகைத்துப்போய் நின்றார். ஆள் குள்ளம். இடதுகால் சூம்பியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பியது. இருபத்துமூன்று வருடம் பழகிய மனிதரை நெஞ்சுக்குக் கீழே அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"என்னலே காலப் பாக்குதே? சின்னப் பிள்ளையிலயே வந்ததாக்கும்" என்று கிரகோரி சிரித்தார். "இந்தக் கால வச்சு வள்ளத்துல நிக்க முடியல்ல. அதுனாலதான் வண்டி. உள்ள ஏறி இருந்தா எனக்கும் ரெண்டு காலும் ஒண்ணுதான் மக்கா. உனக்க கேட்டுல மட்டும் நான் ஒரு நாளும் எறங்கினதில்ல, பாத்தியா?"

பரமசிவன் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மற்ற வண்டிக்காரர்கள் எல்லாம் இறங்கி, கடுதாசியைத் தூக்கிக்கொண்டு, கவுண்டருக்கு ஓடுவார்கள். கிரகோரியை ஓட வைக்கவில்லையே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

அதற்குள் ஜிஜா ஓடிவந்தாள். "மாமா, டைரக்டர் வேற ஆளப் போடணும்னு நிக்காரு. நான் காலப் பிடிச்சு ஒரு சான்ஸ் வாங்கியிருக்கேன். இந்த வட்டம் தொறக்கப்பிடாது, கேட்டியளா?" கிரகோரி பக்கம் திரும்பி, "சேட்டா, ஹார்ன் வேண்டாம்" என்றாள்.

"நான் அடிக்கமாட்டேன் பிள்ளே. அவனுக்க படம் வரட்டும்" என்றார் கிரகோரி.

இரண்டாம் தடவை வண்டி சத்தமில்லாமல் வளைவைத் தாண்டி வந்தது. பரமசிவன் வாலில் கைவைத்து நின்றார். அமுக்கவில்லை. அமுக்காமல் இருக்க எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். டயர் கிறீச்சிட்டது, வண்டி கேட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் கிரகோரியின் முகம் தெரிந்தது. கை பாதிவரை எழும்பி ஸ்டியரிங்குக்கே திரும்பிவிட்டது. பரமசிவனின் முகம் கோணிக்கொண்டது.

"சூப்பர்! என்ன எக்ஸ்பிரஷன்!" என்று சஜன் துள்ளினான். ஜிஜா கட்டைவிரலைக் காட்டினாள்.

ஷாட் முடிந்ததும் கிரகோரி வண்டியை வந்த வழியே ரிவர்ஸ் எடுத்தார். சந்தைக்கு நேரமாகிவிட்டது. "வாறேன் பரமா" என்றார். வண்டி வளைவுவரை பின்னாலேயே போவதைப் பரமசிவன் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று வாரம் கழித்து ஒளிபரப்பானது. அடுத்த வீட்டுச் சரோஜம் குடும்பத்தோடு வந்துவிட்டாள், நானும் போயிருந்தேன். பரமசிவன் டிவி முழுக்க வந்தார். மீசை, நெற்றிச் சுருக்கம், வாலில் வைத்த கை எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. வீடே கூவியது. லேகா எழுந்துபோய் அந்த இடத்தை மொபைலில் படம் பிடித்துவிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர்.

பரமசிவன் மட்டும் வாசல்பக்கம் போய் ஜிஜாவுக்குப் போன் போட்டார். "மக்களே, அந்தத் தப்பாப் போனது இருக்குல்லா, கேட்டத் தொறந்தது? அத எனக்குத் தருவியா?"

"அய்யோ மாமா, அதையெல்லாம் அன்னைக்கே அழிச்சாச்சே!"

"செரி மக்களே, செரி" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

எல்லோரும் போனபிறகு லேகா மொபைலை நீட்டினாள். "நாளைக்கே ஸ்டுடியோவுல குடுத்துப் பெரிசாக்கி, சட்டம் போட்டு இந்தச் செவுத்துல மாட்டணும். எத்தன வருசத்து ஆச உங்களுக்கு!"

பரமசிவன் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். தன் முகம், தன் கை, தன் கேட். கேட் அடைந்து கிடந்தது.

"மாட்டாண்டாம்" என்றார்.

"ஏன்? என்ன கொறச்சல் இதுக்கு?"

"நான் அவனுக்கு ஒரு நாளும் கேட்ட அடச்சதில்ல லேகா."

"இது சீரியலாக்கும்! இதுல வண்டியில இருக்கியது ஆருண்ணு ஆருக்குத் தெரியப்போவுது?"

"கிரகோரிக்குத் தெரியும்."

லேகா மொபைலை வாங்கி அணைத்து வைத்தாள். சற்றுக் கழித்து, "அவருக்க வீடு பொழியூருல எங்கயாக்கும்?" என்று கேட்டாள்.

பரமசிவனுக்குத் தெரியவில்லை. நாளைக் காலையில் போய் விசாரிக்கலாம் என்றார்.