விளிம்பில் ஒரு விரல் இடைவெளி

நம்பாவிட்டால் போங்கள். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வர வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. எனக்கு நடந்தது போன ஜூனில், பர் துபாயில், பட்டப்பகலில். ஏசி வேறு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு கண்காட்சிக் கூடத்தில் நான் பெயின்டர். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலிருந்து டெல்மா என்ற அம்மாள் பானைகளோடு வந்திருந்தார். ப்யூப்ளோ பழங்குடி. தாய்வழியில் பானை செய்கிற குடும்பம். செத்துப்போன அம்மாவின் உடைந்த பானைகளை அரைத்துப் புது மண்ணில் கலந்து வனைந்தது ஒன்று. அதன் விளிம்பைச் சுற்றிக் கறுப்புக் கோடு. ஒரு விரல் அகலம் மட்டும் விட்டிருந்தது.

"அது பானையின் உயிர் போய்வர வழி. மூடாதீர்கள். எங்கள் வீட்டு வழக்கம்" என்றார். பானைகளைப் பிறகு, வந்த மாதிரியே கார்கோவில் அனுப்பச் சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பினார்.

மேனேஜர் பத்மநாபன், விசிட்டிங் கார்டில் 'பாரம்பரியக் கலை ஆலோசகர்', வீட்டில் பிளாஸ்டிக் குடம், மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"ஃபினிஷிங்கே இல்லியேய்யா. கோட்டச் சேர்த்து விடு."

"அந்தம்மா கூடாதுன்னாங்க சார்."

"உனக்கு லீவு வேணுமா, வேணாமா?"

மூன்று வருஷத்துக்குப் பிறகு வந்த லீவு. மறுநாள் ஃப்ளைட். ஃபார்மில் அவர் கையெழுத்து மட்டும் பாக்கி.

1:10. சேர்த்தேன். பானைக்குள் 'டக்'... பிரஷ்ஷைக் கழுவிவிட்டு வந்தால் இடைவெளி அப்படியே இருந்தது. பெயின்ட் கம்பெனியைத் திட்டினேன்.

1:25. மறுபடி. உள்ளே டக்... டக்... ஈரக்கோடு என் கண்ணெதிரே விலகியது. பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. பேய்க்கும் என் லீவு மேல்தான் கண்ணா?

1:40. பானை அமைதி.

டக்...

என் முதுகுக்குப் பின்னால்.

திரும்பவில்லை. சட்டென்று கோட்டை இழுத்து மூடினேன்.

இந்தத் தடவை விலகவில்லை.

"பாத்தியா? மனசு வச்சா முடியுது" என்று பத்மநாபன் கையெழுத்துப் போட்டார்.

ரூமில் கூடத் தங்கியிருந்த ஷ்யாமின் கொக்கித் தராசில் பையை எடை போட்டோம். முப்பது கிலோ, கச்சிதம். "யல்லா, கிளம்புண்ணே" என்றான். ஏர்போர்ட் கவுன்டரில் 31.100. பேரீச்சம்பழப் பொட்டலங்களை உருவி, குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

ஊருக்கு வந்த பன்னிரண்டாம் நாள் டெல்மா போனில் கூப்பிட்டார். பானை வந்து சேர்ந்ததாம்.

"கோட்டை மூடினாயா?"

"ஆமாம்மா... மன்னிச்சுக்கோங்க."

"கார்கோ சீட்டு இரண்டும் கையில் இருக்கிறது. அந்தப் பானை போகும்போது 4.200 கிலோ. திரும்பும்போது 3.100. மூடியபோது அது உள்ளே இருந்ததா... வெளியே இருந்ததா?"

போனைக் காதில் வைத்தபடியே திரும்பினேன்.

உள்ளறையில் நளினி, என் மனைவி, துபாய்ப் பையைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க... எல்லாத்தையும் எடுத்தாச்சே. காலிப் பையி ஏன் இப்படிக் கனக்குது?"